காலில் ஆறாத புண்ணா? முதலில் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்!



நமது இதழில் நான் இதுவரை எழுதியதெல்லாம் பருப்பு வரத்து, வத்தல் இருப்பு, தராசு முத்திரை போன்ற விஷயங்கள்தான். இந்த முறை கால் புண்ணைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, மதுரை கீழமாசி வீதியில் அப்பாவின் மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. என் அண்ணன் ஒரு காலை இழந்தார். நான் ஒரு விரலோடு தப்பித்தேன். இரண்டு பேருக்கும் வந்தது ஏறக்குறைய ஒரே அளவுப் புண்தான். அதைப் பார்த்த விதம்தான் வேறு.

நாள் முழுக்க நின்றும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும், வெறுங்காலோடு குடோனில் நடந்தும் பிழைக்கிறவர்கள் நாம். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ, பி.பி.யோ, சிகரெட்டோ ஏதாவது ஒன்று இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

அண்ணனுக்கு நடந்தது

அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது. சிகரெட் உண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். 2007ஆம் வருஷமே, கடையிலிருந்து பாங்குக்கு நடந்து போகும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்பார். பாதி வழியில் தெரிந்தவர் கடை வாசலில் நின்றுவிடுவார். இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் வலி போய்விடும். மறுபடி அதே தூரம் நடந்தால் அதே வலி. வயசாகிறது, நரம்புத் தளர்ச்சி என்று விட்டுவிட்டோம்.

அடுத்த வருஷம் வலி ராத்திரியில் வந்தது. படுத்தால் பாதம் எரியும். கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டால் குறையும். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். ராப்பகலாக இப்படித் தொங்கப் போட்டதில் பாதம் வீங்கியது. அந்தச் சமயத்தில்தான், நகம் வெட்டும்போது வலது கால் பெருவிரல் ஓரத்தில் பட்ட காயம் ஆறாமல் புண்ணாக நின்றது. ஒரு துவரம் பருப்பு அளவுதான் இருக்கும்.

வீக்கத்தைப் பார்த்த ஒருவர், "நின்று வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு வருகிற வெரிகோஸ் புண்தான் இது" என்று சொல்லி, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகக் கட்டுப் போட்டுவிட்டார். அவர் யார் என்பது இப்போது எதற்கு? கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அன்று ராத்திரி அண்ணனுக்கு வலி தாங்க முடியவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அது 2008ஆம் வருஷம். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். "சீசன் முடியட்டும்ணே, மறுநாளே போயிருவோம்" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். மதினி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தீபாவளி கழிந்து போனபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. முன்பாதம் முழுக்கச் சீழ். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் செய்த டாக்டர் எங்களிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறீர்கள். அந்தப் புண்ணுக்கு ரத்தம் வருகிறதா என்று யாருமே பார்க்கவில்லையா?"

அண்ணன் செயற்கைக் கால் வைத்துக்கொண்டு மேலும் ஆறு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தார். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை.

ரத்தம் குறைந்தால் புண் ஏன் ஆறுவதில்லை?

இதயத்திலிருந்து கிளம்பும் நல்ல ரத்தம் வயிறு, தொடை, முழங்கால் வழியாகப் பாதத்துக்கு வந்து சேர்கிறது. இந்தக் குழாய்களின் உள்சுவரில் வருஷக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து பாதை குறுகிப் போகிறது. புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, வயசு ஆகிய ஐந்தும்தான் முக்கியக் காரணங்கள். இதில் புகையும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

சும்மா உட்கார்ந்திருக்கும் காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும் காலுக்கு அதிகம் வேண்டும். அதனால்தான் நடந்தால் வலி, நின்றால் நிம்மதி. அடைப்பு அதிகமானால் படுத்திருக்கும்போதுகூடப் போதாது. காலைத் தொங்கப் போட்டால் பூமியின் இழுப்பில் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி குறையும். அண்ணன் நாற்காலியில் தூங்கியதற்கு அர்த்தம் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

தோல் முழுசாக இருக்கும்வரை பாதம் குறைந்த ரத்தத்தில் எப்படியோ காலம் தள்ளும். காயம் பட்டுவிட்டால் அதை ஆற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக ரத்தம் வேண்டும். வரத்தே இல்லாத சந்தையில் திடீரென்று இரட்டிப்புத் தேவை வந்த மாதிரி. மேலே எந்தக் களிம்பைப் பூசினாலும் உள்ளே சரக்கு வந்து சேராது.

பீடி, சிகரெட் குடிக்கும் இளவயதுக்காரர்களுக்கு வேறு ஒரு நோயும் உண்டு. 1908இல் லியோ பர்கர் என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே பர்கர் நோய் என்கிறார்கள். நாற்பது வயதுக்குள்ளேயே விரல் நுனி கறுக்கும். நம் நாட்டில் இதை அதிகம் பார்க்கிறோம். புகையை அறவே விட்டால் ஒழிய இதற்கு விமோசனம் இல்லை.

எல்லாக் கால் புண்ணும் ஒன்றல்ல

கால் புண்ணில் முக்கியமாக மூன்று வகை உண்டு. மிளகிலும் பப்பாளி விதையிலும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தை அல்ல.

ரத்தம் வராத புண்: விரல் நுனி, விரல் இடுக்கு, குதிகால், பாதத்தின் வெளி ஓரம் ஆகிய இடங்களில் வரும். குத்தி எடுத்த மாதிரி ஓரம் செங்குத்தாக இருக்கும். அடி வெளிறியோ கறுத்தோ காணப்படும். ரத்தமும் நீரும் அதிகம் கசியாது. வலி கடுமை, ராத்திரியில் இன்னும் கூடும். பாதம் சில்லென்று இருக்கும். தோல் மினுமினுத்து, முடி உதிர்ந்து, நகம் தடித்திருக்கும்.

வெரிகோஸ் புண்: பெரும்பாலும் உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும். அகலமாக, ஆழமில்லாமல், நீர் வடிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கும். பாதம் வெதுவெதுப்பாக இருக்கும். காலை உயர்த்தி வைத்தால் சுகம் தெரியும். இதற்கு அழுத்தக் கட்டு நல்ல வைத்தியம்.

உணர்ச்சி இல்லாத புண்: சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளங்காலில், எடை தாங்கும் இடத்தில் வரும். சுற்றிலும் காய்ப்பு இருக்கும், வலி இருக்காது.

முதல் வகைக்கு இரண்டாம் வகையின் அழுத்தக் கட்டைப் போட்டால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். சர்க்கரைக்காரர்களுக்கு முதலும் மூன்றும் கலந்தே வருவது உண்டு. உணர்ச்சி செத்துப்போன பாதத்தில் ரத்தம் இல்லாவிட்டாலும் வலிக்காது. ஆகவே வலி இல்லை என்று யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

1. ஞாபகத்தைக் கேளுங்கள்: எவ்வளவு தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது? நின்றால் எத்தனை நிமிஷத்தில் போகிறது? ராத்திரி காலைத் தொங்கப் போட வேண்டியிருக்கிறதா?

2. கையால் தொடுங்கள்: புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் சந்தேகம்தான்.

3. நாடித் துடிப்பு: ஒன்று புறங்காலின் நடுவில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே. மற்றொன்று உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால். சிலருக்குப் பிறவியிலேயே புறங்கால் துடிப்பு தட்டுப்படாது. இரண்டு இடத்திலும் இல்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

4. காலைத் தூக்கிப் பாருங்கள்: படுத்துக்கொண்டு இரண்டு காலையும் உயர்த்தி ஒன்றிரண்டு நிமிஷம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நம் நிறத்துக்கு உள்ளங்காலைத்தான் பார்க்க வேண்டும். அது வெளிறிப்போய், பிறகு உட்கார்ந்து தொங்கப் போட்டதும் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக மாறினால், ரத்தக் குறைவு என்று அர்த்தம்.

இதெல்லாம் டாக்டரிடம் போவதற்கான அறிகுறி தெரிந்துகொள்ளத்தான். இவை சரியாக இருக்கின்றன என்று டாக்டரைத் தவிர்த்துவிடக் கூடாது.

என் கதையும் ஒரு கள்ளத் தராசும்

2022இல் ஒரு நாள், கடையில் சாக்குத் தைக்கும் பையன், "அண்ணாச்சி, விரல்ல என்னது?" என்று கேட்டான். இடது காலின் இரண்டாவது விரல் நுனியில் எண்ணெய் டின் விளிம்பு கிழித்திருந்தது. எப்போது என்றே தெரியாது. எனக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வலி இல்லை, ரத்தமும் அதிகம் இல்லை. பத்து நாள் ஆகியும் அப்படியே இருந்தது. அந்த வாரம் துவரம் பருப்பு இரண்டு லாரி இறங்க வேண்டியிருந்தது. இறக்கிவிட்டுப் போகலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதினி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க அண்ணன் கேட்டப்ப சீசன்னு சொன்னீங்க. இப்ப லாரின்னு சொல்லாம கிளம்புங்க தம்பி" என்றார்கள். பதினாலு வருஷத்தில் அதைப் பற்றி அவர்கள் பேசிய ஒரே வார்த்தை அதுதான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அங்கே பத்து நிமிஷம் படுக்க வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்டி பி.பி. பார்த்தார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாக டாப்ளர் என்ற பேனா மாதிரிக் கருவி. ரத்தம் ஓடுகிற சத்தம் அதில் கேட்கும். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுக்க வேண்டும். 1.0க்கும் 1.4க்கும் நடுவில் வந்தால் சரி. 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு. 0.5க்குக் கீழே என்றால் மோசம். உதாரணமாகக் கையில் 140, கணுக்காலில் 70 என்றால் கணக்கு 0.5.

எனக்குக் கையில் 150, இடது கணுக்காலில் 225. கணக்கு 1.5. நூற்றுக்கு நூற்றைம்பது என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஐயா, இது தப்பான எடை. உங்கள் ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிட்டது. பட்டையால் அதை நசுக்க முடியவில்லை. அதனால் மீட்டர் பொய் சொல்கிறது" என்றார். நாற்பது வருஷம் தராசோடு வாழ்ந்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. முள் மேலே நிற்பதாலேயே சரக்கு இருக்கிறது என்று ஆகாது.

கால் விரல்களில் உள்ள சிறு குழாய்களில் இப்படிச் சுண்ணாம்பு படிவது குறைவு. ஆகவே பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அளந்தார்கள். 26 காட்டியது. 30க்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது மிகவும் கடினம். சர்க்கரைக்காரர்கள் கணுக்கால் கணக்கோடு நிற்காமல், விரல் பிரஷரும் பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

பிறகு தரம் பிரித்தார்கள். நாம் வத்தலைத் தரம் பிரிப்பது போல டாக்டர்களும் 2014லிருந்து இப்படிப்பட்ட காலை மூன்று விதமாக மதிப்பிடுகிறார்கள்: புண் எவ்வளவு, ரத்தக் குறைவு எவ்வளவு, கிருமி எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு. எனக்குப் புண் 1, ரத்தக் குறைவு 3, கிருமி 1. வெளியே பார்த்தால் சின்னப் புண். உள்ளே ரத்தக் குறைவு கடைசிப் படியில்.

முதலில் ரத்தம், பிறகு கத்தி

கறுத்த விரலை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தம் வராத இடத்தில் கத்தி வைத்தால் அந்த வெட்டும் ஆறாது, இன்னும் மேலே வெட்டிக்கொண்டே போக வேண்டும். சீழ் கட்டியிருந்தால் மட்டும் அதை உடனே திறந்துவிட வேண்டும். மற்றபடி ரத்தத்துக்கு வழி செய்வதே முதல் வேலை.

ஸ்கேன் எடுத்து, தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, முழங்காலுக்குக் கீழே அடைபட்ட இடத்தைப் பலூன் வைத்து விரித்தார்கள். இதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. இதற்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே முன்னதாக ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக்கொள்வார்கள். நீளமான அடைப்பாக இருந்தால் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து மாற்றுப்பாதை போடும் பைபாஸ் செய்வதும் உண்டு. எனக்கு விரல் பிரஷர் 52க்கு வந்த பிறகுதான் செத்துப்போன விரலை எடுத்தார்கள். ஆறுவதற்கு நாலு மாதம் ஆயிற்று. இன்று நடந்துதான் கடைக்குப் போகிறேன்.

ஆஞ்சியோ என்றால் நெஞ்சுவலிக்காரர்களுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் இந்த வைத்தியம் பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரியில், அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில், 82 வயதுப் பாட்டி ஒருவருக்குக் கால் விரல்கள் அழுகி, காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், தொடைக் குழாயின் அடைப்புக்குள் குழாய்களைச் செலுத்திப் பாதையைத் திறந்தார். அந்தப் பாட்டி சாகும்வரை, இரண்டு வருஷத்துக்கு மேல், சொந்தக் காலில் நடந்தார். இதயத்துக்கு இந்தச் சிகிச்சை 1977இல்தான் வந்தது.

ரத்தநாள அறுவை சிகிச்சை என்று தனிப் பிரிவே இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், "ரத்தநாள டாக்டரிடம் காட்ட வேண்டுமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

- ரத்த ஓட்டம் அளந்து பார்க்காமல் அழுத்தக் கட்டோ இறுக்கமான காலுறையோ போடக் கூடாது.
- சில்லிட்ட பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. உணர்ச்சி இல்லாத காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.
- காய்ந்து கறுத்த விரலை ஊறவைக்கவோ பிய்க்கவோ கூடாது. காய்ந்தபடியே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.
- காய்ப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவக் கூடாது, ஆணி பிளாஸ்திரியும் ஒட்டக் கூடாது.
- காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் என்று கடையில் இருப்பதையெல்லாம் புண்ணில் அப்ப வேண்டாம்.

சிவந்து வீங்கினால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால், அன்றைக்கே போக வேண்டும். நன்றாக இருந்த கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால், அது குழாய் திடீரென்று அடைத்த அறிகுறி. ஆறு மணி நேரத்துக்குள் வைத்தியம் கிடைக்க வேண்டும். கல்லாவைப் பூட்டாமல்கூட ஓடுங்கள்.

புண் இல்லாமல் நடந்தால் வலி மட்டும் உள்ளவர்களுக்கு, புகையை விடுவதும், டாக்டர் தரும் ரத்தம் உறையாத மாத்திரை, கொழுப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதும், தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதும் நல்ல பலன் தரும்.

லட்சுமியும் செருப்பும்

கடைக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது நம் வழக்கம். லட்சுமி வாசம் செய்யும் இடம் என்று அப்பா சொல்வார். நானும் அறுபது வயது தாண்டும்வரை அப்படித்தான் இருந்தேன். இப்போது கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள, தெருவே பார்க்காத, விரல்களை மூடிய மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். காலையில் விளக்கேற்றும்போது கழற்றிவிட்டுக் கும்பிடுகிறேன். லட்சுமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூட்டை தூக்கும் ஆட்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி கணக்கு முடித்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

முடிவாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் மே 5 வணிகர் தினத்தை ஒட்டிச் சர்க்கரை, கண் பரிசோதனை முகாம்கள் நடத்துகிறோம். அதோடு ஒரு கட்டிலும், ஒரு டாப்ளர் கருவியும், பாதம் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரும் சேர்ந்தால் போதும். ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். முதல் முகாமுக்கு ஆகும் செலவை அண்ணன் பெயரில் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

காலில் ஆறாத புண்ணோடு இதைப் படிக்கும் நண்பர் யாராவது இருந்தால், கடையைச் சம்சாரத்திடமோ மகனிடமோ ஒப்படைத்துவிட்டு இன்றைக்கே கிளம்புங்கள். சீசன் அடுத்த வருஷமும் வரும்.

வணக்கம்.